கோப்பை

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. நாங்கள் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. 'செராமிக்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வோம். 'அவங்கப்பா செராமிக்குல இருக்காரு' என்றால் அந்த வீட்டு வருமானம், அந்த மனிதரின் சட்டையில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி, அவருடைய இருமல் எல்லாம் அதில் அடங்கிவிடும். மின்சார ப்யூஸ் கட்டைகள், இன்சுலேட்டர்கள், ஊறுகாய் ஜாடிகள், கொலு பொம்மைகள், தேநீர்க் கோப்பைகள் என்று எங்கள் ஊர்ச் சூளைகளிலிருந்து வெளியே போன பொருள்களின் பட்டியல் நீளமானது. ஆகவே எங்கள் ஊரில் கோப்பை என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேநீர்தான். விளையாட்டில் வென்றவனுக்குக் கொடுக்கும் பரிசு என்ற பொருள் அடுத்தபடியாகத்தான் வரும். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எங்கள் ஊரில் அந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே இருந்தன.

அதற்குக் காரணமான மனிதரை நாங்கள் மாஸ்டர் என்று அழைத்தோம். ஊர் அவரை மிலிட்டரிக்காரர் என்றது. ஐம்பதுகளின் நடுவில் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, பதினைந்து ஆண்டுகள் கழித்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர். வந்ததும் ஒரு பீங்கான் ஆலையில் சூளைக்குத் தீ வைக்கும் வேலையில் சேர்ந்தார். மாலையானால் மணிமுக்தா ஆற்று மணலில் எங்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தார். மணலில் ஓடிப் பழகியவனுக்குத் தரை இறகு மாதிரி என்பார். அது உண்மையா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு நல்ல தரை கிடைத்ததே இல்லை. நாங்கள் நால்வரும் அப்போது பள்ளி மாணவர்கள். யாரிடமும் பூட்ஸ் கிடையாது.

மாசி மகத் திருவிழா முடிந்து கடைகள் பிரிக்கப்பட்ட பிறகு, ஆற்றோரத் திடலில் ஒரு போட்டி நடத்துவது என்று 1976இல் முடிவானது. பெண்ணாடம், மங்கலம்பேட்டை, முதனை, கருவேப்பிலங்குறிச்சி என்று சுற்று வட்டாரத்திலிருந்து அணிகள் வரும். பரிசுக்குப் பணமில்லை. வெள்ளி முலாம் பூசிய கோப்பை வாங்கச் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ போக வேண்டும். மாஸ்டர் யோசித்து, கோப்பையை நாமே சுட்டுக்கொள்ளலாம் என்றார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு வேடிக்கையாக இல்லை. ஆலையில் அச்சு செய்பவரிடம் பேசி, பால் ஜாடிக்கான பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றி உடலை எடுத்தார். இரண்டு பக்கமும் காது வேண்டும் அல்லவா? தேநீர்க் கோப்பையின் பிடிகளைப் பெரிதாக வார்த்து ஒட்டினார். பீங்கான் மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அதை அவர் கணக்கில் எடுத்திருந்தார். ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூட்டில் மண் இளகும் என்பதையும், ஒட்டிய காதின் எடையை அந்த நேரத்தில் எதுவும் தாங்கிப்பிடிக்காது என்பதையும் அவர் அறியாதவர் அல்லர். ஆனாலும் ஒரு காது தொங்கிப்போயிற்று. ப்யூஸ் கட்டைகளுக்கு நடுவே, சூளையின் ஒரு மூலையில் வெந்து வெளியே வந்த அந்த முதல் கோப்பை, ஒரு காதைத் தொங்கவிட்ட நாயைப்போல் இருந்தது. மெருகுக்கு அடியில் கோபால்ட் நீலத்தில் 'முதல் பரிசு' என்று எழுதியிருந்தார். பெண்ணாடத்துக்காரர்கள் அதை வென்று தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் காதுகள் நேராயின.

சூளைக்குத் தீ வைப்பவருக்கு இரவெல்லாம் விழிப்பு. சில இரவுகளில் நாங்களும் போய் உட்கார்ந்திருப்போம். அப்போது கதைகள் சொல்வார். பெரும்பாலும் ரெஜிமென்ட் கதைகள், அவற்றிலும் பெரும்பாலும் கால்பந்துக் கதைகள். மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955லும் 1958லும் டில்லியில் டூரண்ட் கோப்பையை வென்றது அவருக்குத் தன் வீட்டில் நடந்த கல்யாணம்போல. அந்த அணியிலிருந்து வந்த பீட்டர் தங்கராஜைப் பற்றிப் பேசும்போது எழுந்து நின்றுகொள்வார். முதலில் முன்கள ஆட்டக்காரராக இருந்த தங்கராஜ் எப்படிக் கோல்காப்பாளராக மாறினார், ஆறடியைத் தாண்டிய அந்த உடல் எப்படிப் பக்கவாட்டில் பறக்கும் என்றெல்லாம் செய்துகாட்டுவார். தங்கராஜ் பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தில் கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர். இதெல்லாம் அச்சில் இருக்கும் செய்தி என்பதால் நாங்கள் நம்பினோம்.

நம்பாத கதை ஒன்று இருந்தது. கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் என்று ஒரு கிளப் இருக்கிறது, அதில் ஒரு காலத்தில் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரும் தெக்கத்திக்காரர்கள், அவர்களைக் கல்கத்தாவே பஞ்ச பாண்டவர் என்று கூப்பிட்டது என்பார். ரெஜிமென்ட்டில் தனக்கு மூத்த ஹவில்தார் ஒருவர் அவர்கள் ஆடியதைப் பார்த்திருக்கிறாராம். பெயரிலேயே வங்காளத்தை வைத்திருக்கும் கிளப்பில் நம் பக்கத்து ஆட்கள் ஐந்து பேரா?

*

பல ஆண்டுகளாகப் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட கொல்கத்தாப் பயணம் சென்ற குளிர்காலத்தில் வாய்த்தது. புத்தகக் கண்காட்சியைப் பார்ப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டோம். அது பொய்யல்ல. எங்கள் தலைமுறைக்கு வங்கம் புத்தகங்கள் வழியாகவே வந்து சேர்ந்தது. த. நா. குமாரஸ்வாமி தந்த 'ஆரோக்கிய நிகேதன'த்தையும், சு. கிருஷ்ணமூர்த்தி தந்த 'நீலகண்டப் பறவையைத் தேடி'யையும் நூலகத்தில் மாற்றி மாற்றி எடுத்துப் படித்தவர்கள் நாங்கள். அதீன் பந்த்யோபாத்யாயவின் அந்த நாவலில் வரும் கிழக்கு வங்கம், பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கம், இனி எவரும் ரயிலேறிப் போக முடியாத ஓர் ஊர். அந்த ஊரின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு ஒரு கால்பந்துக் கிளப் நூறு ஆண்டுகளைக் கடந்து ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாங்கள் போதிய அளவு யோசித்ததில்லை.

ஹவுரா மெயிலில் ஓர் இரவும் ஒரு பகலும். மறுநாள் காலை மைதானத்துக்குப் போனோம். 'மைதான்' என்றே அதற்குப் பெயர். நகரின் நடுவே வில்லியம் கோட்டையைச் சுற்றிப் பரந்து கிடக்கும் புல்வெளி. நிலம் ராணுவத்துக்குச் சொந்தம். நிரந்தரக் கட்டடங்களை எழுப்ப அனுமதியில்லாத காலத்தில் கிளப்புகள் கூடாரம் அடித்துக்கொண்டன. கூடாரங்கள் போய்க் கூரையும் சுவரும் வந்த பிறகும் கிளப் வீட்டை 'டென்ட்' என்றே இன்றும் சொல்கிறார்கள். நூற்றாண்டைக் கடந்த கிளப்புகள் தங்கள் வீட்டைக் கூடாரம் என்று அழைத்துக்கொள்வது எங்களுக்குப் பிடித்திருந்தது. பெரிய ஆட்டங்கள் 1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் அரங்கத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் கிளப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வழியில் மோகன் பாகான். 1889இல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை இரண்டுக்கு ஒன்று என்று வென்ற கிளப். பதினொருவரில் ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார். மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். ஷிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் தூரத்தில் நின்ற கூட்டத்துக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள் என்கிறார்கள். வெறுங்காலோடு வெள்ளைக்காரனை ஜெயித்த கதையை எங்களுக்கு முதலில் சொன்னவரும் மாஸ்டர்தான். பூட்ஸ் இல்லையே என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் சொல்வார். அந்த அணியில் பலர் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஈஸ்ட் பெங்கால் டென்ட், லெஸ்லி கிளாடியஸ் சரணியில் இருக்கிறது. ஹாக்கி ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய தெருவில் கால்பந்துக் கிளப். வாயிலில் இருந்தவரிடம் விஷயத்தை விளக்க எங்கள் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் போதவில்லை. 'மெட்ராஸ்', 'ஃபுட்பால்', 'மியூசியம்' என்ற மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். கிளப்பின் பழைய உறுப்பினராம். எங்களை உள்ளே அழைத்துப்போய்க் காப்பகத்தைக் காட்டும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

பெரிய இடமொன்றும் அல்ல. கண்ணாடிப் பேழைகளில் கோப்பைகள், பதக்கங்கள், சிவப்பும் பொன்னிறமுமான சட்டைகள். சுவரெல்லாம் படங்கள். ஐரோப்பியக் கிளப்புகளின் அருங்காட்சியகங்களை இணையத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிமையாகத் தோன்றக்கூடும். எங்களுக்கோ வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. இங்கே வந்தவர்கள் பொருள்களைப் பார்த்துவிட்டு நகர்வதில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொள்கிறார்கள், இடையிடையே சண்டையும் போடுகிறார்கள். எங்கள் முதியவரே வேறொரு பார்வையாளரோடு ஏதோ ஓர் ஆண்டைப் பற்றி உரத்த குரலில் வாதிட்டார். யார் ஜெயித்தார் என்று தெரியவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

கிளப் பிறந்த கதையை அவர் மூன்று நாள் முன்பு நடந்ததுபோலச் சொன்னார். உண்மையில் அது சில நாள் கதைதான். 1920 ஜூலை 28. கூச் பிஹார் கோப்பையில் மோகன் பாகானை எதிர்த்து ஜோராபாகான் அணி ஆடுகிறது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைக் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். கிழக்கு வங்கத்தவர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று பேச்சு எழுந்தது. ஜோராபாகானின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி, அவரும் கிழக்கு வங்கத்தவர், எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. வெளியேறினார். ஆகஸ்ட் முதல் தேதி புதிய கிளப் தொடங்கிவிட்டது. சௌரங்கியில் வொயிட்அவே லெய்ட்லா கடையில் தொங்கிய சிவப்பும் பொன்னுமான சட்டையைப் பார்த்துத்தான் நிறத்தைத் தேர்ந்தார்களாம். ஒருவரை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தியதில் பிறந்த கிளப். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்து வந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியதில்லை.

பிறகு பிரிவினை வந்தது. வீட்டையும் நிலத்தையும் விட்டு லட்சக்கணக்கில் வந்தவர்கள் ஜாதவ்பூர்ப் பக்கம் குடியேற்றங்களில் ஒண்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தவை மிகக் குறைவு. அவற்றில் ஒன்று இந்தக் கிளப். கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்', மேற்கு வங்கத்தார் 'கோட்டி'. முன்னவர்களுக்கு இலிசு மீன், பின்னவர்களுக்கு இறால். நெல்லைப் பேச்சில் கோட்டி என்றால் பித்து. எங்கள் ஊர்ப் பெயரையே இயற்பெயராகக் கொண்டு, நெல்லைத் தமிழை எழுதி, பித்தன் என்று புனைபெயரும் வைத்துக்கொண்ட சொ. விருத்தாசலத்திடம் இதைச் சொல்லியிருந்தால் ஒரு கதையாவது எழுதியிருப்பார்.

இந்தப் பித்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1975 செப்டம்பர் 30இல் ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட்டது, மோகன் பாகானுக்கு ஒன்றுமில்லை. அன்று அந்தப் பக்கத்து ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் கார்டன்ஸில் இரு கிளப்புகளும் மோதிய ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் இறந்தார்கள். அந்த நாளில் இப்போது ரத்த தானம் செய்கிறார்கள். முதியவர் அதைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே. "நந்தகுமார் உங்கள் ஊரா?" 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பாகானை வென்றது. நான்கரை ஆண்டுகள் அந்தப் பெரிய மோதலில் வெல்லாமல் இருந்த கிளப் அது. நாங்கள் சென்னையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறோம் என்று சொல்லத் தோன்றவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டோம். அவர் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டார். பிறகு, "எங்களுக்கு உங்கள் பக்கத்து ஆட்கள் புதிதல்ல, வாருங்கள்" என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஐந்து பேர். தலையை அழுத்தி வாரியவர்கள். படம் எடுப்பவரின் கட்டளைக்குக் காத்திருக்கும் விறைப்பு.

விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு முதியவர் பெயர் சொன்னார். வெங்கடேஷ், அப்பா ராவ், தனராஜ், அகமது கான், சாலே. பெங்களூர்க்காரர்கள், ஆந்திரத்துக்காரர், கேரளத்துக்காரர். 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிக்கொடுத்த முன்வரிசை. 1951லும் 1952லும் டூரண்ட் கோப்பை. தனராஜும் அகமது கானும் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் இருந்தவர்கள். வீடிழந்து வந்த வங்காளிகள் சாதாரணத் தொழிலாளர் சம்பளத்தில் சீட்டு வாங்கி, நாள்கணக்கில் வரிசையில் நின்று, பெயரையே சரியாக உச்சரிக்க வராத ஐந்து தெக்கத்திக்காரர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். "பஞ்ச பாண்டவ்" என்றார் முதியவர், நாங்கள் கேட்காமலேயே.

எங்களில் ஒருவர் வெளியே போய்விட்டார். மற்ற மூவரும் சிறிது நேரம் அங்கேயே நின்றிருந்தோம். பிறகு கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டோம். யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதியும் வைத்துக்கொண்டோம்.

*

1986ஆம் ஆண்டு சென்னையில் உறவினர் வீடொன்றில் தங்கித் தொலைக்காட்சியில் உலகக் கோப்பை பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம். மரடோனாவைப் பார்த்த கண்களோடு வந்தோம் என்பதே பொருத்தம். கல்லூரி முடித்திருந்தோம். ஆற்று மணல், தொங்கிய காது, தீ வைப்பவரின் கதைகள் எல்லாம் திடீரென்று சின்னதாகிவிட்டன. ரயிலடித் தேநீர்க் கடையில் ஒரு மாலை மாஸ்டர் வழக்கம்போல் பாண்டவர் கதையை எடுத்தார். எங்களில் ஒருவர் கேட்டார். "அஞ்சு பேரு பாண்டவருன்னா திரௌபதி யாரு மாஸ்டர்?"

"பந்துதான்டா" என்றார் மாஸ்டர், உடனே.

நல்ல பதில். இப்போது நினைத்தாலும் நல்ல பதில். அதோடு விட்டிருக்கலாம். நாங்கள் விடவில்லை. எந்த வருஷம், எந்தப் பத்திரிகையில் வந்தது, ஈஸ்ட் பெங்கால் என்று பெயர் வைத்துவிட்டு மதராஸ்காரனை ஏன் சேர்ப்பான் என்று வழக்கறிஞர்கள்போல் குறுக்கு விசாரணை செய்தோம். அவரிடம் சான்று எதுவும் இல்லை. மூத்த ஹவில்தார் சொன்னார் என்பதைத் தவிர. "எல்லாம் மிலிட்டரிக் கதை" என்று ஒரு குரல் முடித்துவைத்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சொல் எங்களிடையே ஒட்டிக்கொண்டது. யாராவது எதையாவது மிகைப்படுத்தினால் 'மிலிட்டரிக் கதை' என்போம். அவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர் எங்களிடம் கதை எதுவும் சொல்லவில்லை.

அடுத்த மாசி மகம் வந்தது. போட்டிக்கு அணிகளைக் கூப்பிட வேண்டிய பொறுப்பு எங்களுடையது. ஒருவர் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் திருச்சிக்குப் போய்விட்டார். மற்ற இருவரும் இவர்கள் வருவார்கள் என்று காத்திருந்ததாகச் சொல்லிக்கொண்டோம். யாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. போட்டி நடக்கவில்லை. அதை நிறுத்துவது என்று எவரும் முடிவெடுத்ததும் இல்லை. மாஸ்டர் 1999இல் இறந்தபோது எங்களில் இருவர்தான் போயிருந்தோம்.

இதில் விசித்திரம், நாங்கள் சேகரிப்பதில் ஆர்வமற்றவர்கள் அல்லர் என்பதே. சிற்றிதழ்களின் பழைய தொகுப்புகள் எங்கள் வீடுகளில் மூட்டைகளாக இருக்கின்றன. எங்கள் வட்டாரத்தின் சொற்களைக்கூடக் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியாக ஆக்கிவைத்துவிட்டார். ஆட்டங்கள் மட்டும் ஆடியவர்களோடு போகட்டும் என்று விட்டுவிட்டோம் போலிருக்கிறது. இது எங்கள் ஊரின் குறை மட்டும் அல்ல. ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்து கோலை 1948இல் போட்டவர் சாரங்கபாணி ராமன். இந்தியா ஒலிம்பிக்கில் கடைசியாகப் போட்ட கோல் 1960இல் ரோமில், பெருவுக்கு எதிராக. அதைப் போட்டவர் தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ். தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் இந்த இரு பெயர்களையும் கேட்டிருப்போம்? எங்களைச் சேர்த்தே கேட்கிறோம்.

ரயிலில் திரும்பும்போது நாங்கள் பேசிக்கொண்டது கோப்பைகளைப் பற்றித்தான். 1976 முதல் 1986 வரை பதினோரு முதல் பரிசுகள் வெளியே போயிருக்க வேண்டும். வந்த பிறகு விசாரித்தோம். பெண்ணாடத்துக் கோப்பை வெள்ளத்தில் வீட்டோடு போயிற்றாம். இன்னொரு ஊரில், தேர்தல் நேரத்துச் சண்டையில் எவனோ அதைத் தூக்கி எறிந்தான் என்றார்கள். ஒன்று கிணற்றடியில் குருவிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டு, காதுகள் இரண்டும் போய், இன்னும் இருக்கிறது. மற்றவை பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பீங்கான் துருப்பிடிக்காது, மக்காது. ஆயிரம் ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். கீழே விழுந்தால் மட்டும் அந்தக் கணமே முடிந்தது.

மாஸ்டரின் மகள் ஆலடி சாலைப் பக்கம் இருக்கிறார். எங்களைவிட மூத்தவர். அந்தக் காலத்தில் போட்டி நடக்கும்போது அணிகளுக்கு மோர் கொண்டுவந்து தருவார். போய் உட்கார்ந்ததும், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அக்கா, அப்பா செஞ்ச கோப்பை ஏதாச்சும் வீட்டுல இருக்கா?" என்று கேட்டோம்.

"ஒண்ணு இருக்கு. உப்பு போட்டு வெச்சிருக்கன்" என்றார்.

சமையலறையிலிருந்து கொண்டுவந்தார். மூடிக்கு எவர்சில்வர் தட்டு. இரண்டு காதுகளும் சரியாக, நிமிர்ந்து நின்றன. அவர் சுட்டவற்றிலேயே அதுதான் நேர்த்தியானது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எழுத்துகள் மறுபக்கம் இருந்தன. திருப்பினோம். கோபால்ட் நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. முதல் பரிசு, 1987.

நடக்காத போட்டியின் பரிசு. எங்களுக்காகக் காத்திருந்தபோதே அவர் சூளையில் வைத்திருக்கிறார்.

யாரும் பேசவில்லை. அக்காவே சொன்னார். "இத யாரும் ஜெயிக்கல தம்பி. அதான் எங்க வூட்டுலயே தங்கிப்போச்சி."

இதைப் பாதுகாத்து வைக்கலாம், நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு கண்ணாடிப் பெட்டி போட்டு வைக்கலாம், கொல்கத்தாவில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் ஏதேதோ சொல்லத் தொடங்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எடுத்துக்கிட்டுப் போயி எங்க வெப்பீங்க? அந்தப் பெட்டிய யாரு தொடைப்பாங்க?" என்றார். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் வீட்டில் தினமும் மூன்று வேளை அந்தக் கோப்பையைக் கை தொடுகிறது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கீழே விழவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பஞ்ச பாண்டவர் என்றோம்.

"அப்பா சொல்லுவாரே, அவங்களா?"

"ஆமாங்க்கா."

"நெசந்தானா அது?"

ஆமாம் என்றோம். அந்தக் கதையை நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொன்னோம். தேநீர்க் கடை, திரௌபதி, சிரிப்பு எல்லாவற்றையும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். "இதுல யாரு யாரு?" என்றார்.

குறித்து வைத்திருந்த தாளை எடுத்து இடமிருந்து வலமாகப் படித்தோம். ஒவ்வொரு பெயரையும் அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு தட்டால் கோப்பையை மூடி, உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

"டீ வெக்கறன், குடிச்சிட்டுப் போங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.